மேகலாவின் கையிலிருந்து வாங்கிய ரிமோட்

இந்த மாதத்தோடு நான் வகுப்பெடுப்பதை நிறுத்துகிறேன். விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், வீட்டில் சும்மா உட்கார முடியாமல் கிணத்துக்கடவில் இருக்கும் இந்த ட்ரோன் பயிற்சிப் பள்ளிக்கு விதிகள் பாடம் நடத்த வந்தேன். இப்போது கண் ஒத்துழைக்கவில்லை. இனி என் இடத்தில் நீங்கள் நடத்தப் போகிறீர்கள். பாடத்தை என்னைவிட நன்றாகவே நடத்துவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மேகலா என்ற பெண்ணைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் போனால் என் மனசு ஆறாது.

விதிகள் வகுப்பில் எல்லாருக்கும் தூக்கம் வரும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் எனக்கே வரும். பறக்கவிட ஆசையோடு வந்தவர்களிடம் எங்கெங்கே பறக்கவிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருப்பதுதானே நம் பிழைப்பு! கோயம்புத்தூர் வரைபடத்தைத் திரையில் போட்டதுமே பாதிப் பேருக்கு முகம் வாடிவிடும். ஒரு பக்கம் விமான நிலையம், கொஞ்சம் தள்ளினால் விமானப்படைத் தளம். பறக்கவிடலாம், அனுமதி கேட்க வேண்டும், கூடாது என்று பச்சை, மஞ்சள், சிவப்பாகப் பிரித்திருப்பதில் ஊரின் பெரும்பகுதி மஞ்சளிலும் சிவப்பிலும் போய்விடும். "அப்பக் கல்யாண மண்டபத்துல எப்படிங்க மேடம் படம் எடுக்கறது?" என்று ஒருவர் கேட்பார். ஒவ்வொரு வகுப்பிலும் அந்த ஒருவர் இருப்பார்.

மேகலா கேட்ட கேள்வி வேறு மாதிரி இருந்தது.

"ஏனுங்க மேடம், ஆளுக தலைக்கு மேல பறக்கக் கூடாதுங்கறீங்க. முருங்கைக் காட்டுல களை எடுக்கறவங்க குனிஞ்சிருந்தா நமக்குத் தெரியாதுங்களே? அப்ப என்ன பண்றதுங்க?"

"முதல்ல காட்டைச் சுத்தி நடந்து பார்த்துட்டு வரணும் அம்மணி. அப்புறந்தான் ட்ரோனைத் தொடணும்."

"அப்படிச் சொல்லுங்க" என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அன்றே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. கேள்வி கேட்கிறவர்கள் பலர் உண்டு. வயலில் குனிந்திருக்கும் ஆளை நினைத்துக்கொண்டு கேட்கிறவர்கள் குறைவு.

அவளுக்கு ஊர் வெள்ளகோவில் பக்கம். கணவர் சிவகுமார் முருங்கை விவசாயம் செய்கிறவர். ஊர்ப் பெண்கள் சேர்ந்து நடத்தும் குழுவுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்று வரவிருந்தது. அதை ஓட்ட ஒருத்தி வேண்டும் என்றபோது எல்லாரும் அவளைத்தான் காட்டினார்களாம். பத்தாவதுக்கு மேல் படிக்காதவள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்கென்று ஒரு பெட்டியில் துணி எடுத்து வைத்துக்கொண்டு, பெண் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, எங்கள் விடுதிக்கு வந்திருந்தாள்.

பறக்கவிடும் பயிற்சியை ரியாஸ் நடத்தினார். உங்களுக்கு அவரைத் தெரியும், இன்றும் இங்கேதான் இருக்கிறார். கோட்டைமேட்டுக்காரர், கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். லேசில் யாரையும் பாராட்ட மாட்டார். மேகலாவைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "மேடம், அந்தக்கா கைய பாத்தீங்களா? காத்தடிச்சாலும் கோடு போட்ட மாதிரி போகுது" என்றார்.

பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒண்ணே ஒண்ணுதாங்க. சில சமயம் கவனம் எங்கியோ போயிடுது. கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பழகறப்ப திடீர்னு நின்னுட்டாங்க. கூப்பிட்டாத் திரும்பல" என்றார்.

நானும் கவனித்திருந்தேன். வகுப்பில் ஒருமுறை ஜன்னலைப் பார்த்தபடி அப்படியே இருந்தாள். வீட்டு ஞாபகம், குழந்தை ஞாபகம் என்று நினைத்துக்கொண்டேன். தாய்மார்கள் விடுதியில் தங்கும்போது அப்படி நேர்வது வழக்கந்தானே. ரியாஸ் அதற்குக் கவனக்குறைவு என்று பெயர் வைத்தார். நான் ஏக்கம் என்று பெயர் வைத்தேன்.

சோதனைக்கு முன்னால் கடைசிக் கட்டப் பயிற்சி. ஒரு தென்னந்தோப்பை ஒட்டிய காலி நிலத்தில் நடந்தது. மருந்துக்குப் பதில் தொட்டி நிறையத் தண்ணீர். தெளிக்கும் ட்ரோன் எவ்வளவு கனம், அதன் இறக்கை எவ்வளவு வேகத்தில் சுற்றும் என்பதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். நிலத்தின் மறுகோடியில் சிவப்புக் கொடி நட்டிருந்தோம். அதற்கு அப்பால் வேலி. வேலிக்கு அப்பால் தேங்காய் உரிக்கும் களம். மண்ணில் நட்ட கூரான இரும்புப் பாரைகளில் குத்தித் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள், ஆண்களும் பெண்களுமாக.

மேகலா கையில் ஒரு ரிமோட். பக்கத்தில் நின்ற ரியாஸின் கையில் இன்னொன்று. தேவைப்பட்டால் ஒரு சுவிட்சைத் தட்டி அவர் தன் கட்டுப்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். நான் கொஞ்சம் பின்னால் மற்ற மாணவர்களோடு நின்றேன்.

முதல் வரிசை அழகாகப் போனது. திரும்பி வந்தது. இரண்டாவது வரிசையில் ட்ரோன் கொடியை நெருங்கியது. அவள் நிறுத்தவில்லை.

"அக்கா, நிறுத்துங்க" என்றார் ரியாஸ்.

கொடியைத் தாண்டியது.

"மேகலாக்கா! நிறுத்துங்கங்கறேன்ல!"

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வானொலியில் கூப்பிட்டு விமானி பதில் சொல்லவில்லை என்றால் அவர் திமிராக இருக்கிறார், தூங்குகிறார், புரியவில்லை என்று எந்த யோசனைக்கும் இடம் தரமாட்டோம். அவருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டு அடுத்து செய்ய வேண்டியதைச் செய்வோம். அந்தப் பழக்கந்தான் என்னைக் கத்த வைத்தது.

"ரியாஸ், அவளுக்குக் கேக்கல. எடுத்துக்கோங்க!"

சுவிட்சைத் தட்டினார். ட்ரோன் வேலிக்கு மேலே முரண்டுபிடித்த மாடு மாதிரி ஆடி நின்றது. அதன் காற்றில் களத்திலிருந்த மட்டைத் தூசு எழும்பி எல்லார் முகத்திலும் அடித்தது. உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் மிரண்டு பின்னால் சாய்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு பாரை நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் அவள் கையைப் பிடித்து இழுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் மேகலாவிடம் ஓடினேன். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். உதடு எதையோ மெல்வதுபோல் அசைந்தது. கட்டைவிரல் ரிமோட்டின் குச்சியை முன்னால் தள்ளியபடியே இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. விரலைப் பிரித்து ரிமோட்டை மெதுவாக வாங்கினேன். தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் நினைவு திரும்பியது. சுற்றிலும் பார்த்தாள்.

"ஏனுங்க, ட்ரோன் எதுக்கு அங்க போயி நிக்குது?" என்று கேட்டாள்.

ட்ரோனை இறக்கிவிட்டு ரியாஸ் வேகமாக அவள் பக்கம் திரும்பினார். திட்டத்தான் திரும்பினார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்.

அலுவலக அறையில் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. ஒரு மாணவர் தன் செல்போனில் எடுத்திருந்த வீடியோவைக் காட்டினோம். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சின்ன வயசுல இருந்தே இப்படித்தானுங்க. எங்க அம்மா ஊட்டுல 'புள்ள நின்னுபோச்சு'ம்பாங்க. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயித் தாயத்துக் கட்டுனாங்க. கை கால் எதுவும் இழுத்துக்காதுங்க. சித்த நேரந்தான். அப்பறம் சரியாப் போயிரும். அது நோயின்னு ஆரும் சொல்லலீங்க."

"நானும் சொல்லலம்மா. நான் டாக்டர் இல்ல. டாக்டரைப் பார்த்துட்டு வா. அதுவரைக்கும் ரிமோட்டைத் தொட வேண்டாம்."

"நாளான்னிக்குப் பரிச்சைங்களே மேடம்?"

"இப்ப எழுத முடியாது கண்ணு."

அப்போதுதான் அழுதாள். குழுவுக்கு என்ன பதில் சொல்வது, ஊரில் எந்த முகத்தோடு போவது என்றாள். குழுப் பெண்களில் பலர் அவளை நம்பித்தான் ட்ரோனுக்குப் பேர் கொடுத்திருந்தார்கள்.

அடுத்த சில மணி நேரத்தில் நான் எதிர்கொண்டதை நீங்களும் ஒருநாள் எதிர்கொள்வீர்கள். பள்ளியின் நிர்வாகி போனில் கூப்பிட்டார். "யாருக்கும் அடிபடலையே? குழுவுக்கு நாம வாக்குக் குடுத்திருக்கோம். சான்றிதழ் வாங்கட்டும், அப்பறம் வைத்தியம் பாத்துக்கட்டும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே அவளுக்காக வருத்தப்பட்டார். ரியாஸும் வந்து நின்றார். "மேடம், சோதனை அன்னைக்கு நான் பக்கத்துலயே நிக்கறேன். ஒரு நொடி கண்ண எடுக்க மாட்டேன்."

"அன்னைக்கு நீங்க நிப்பீங்க ரியாஸ். அதுக்கப்பறம் முருங்கைக் காட்டுல யாரு நிப்பா?"

நிர்வாகி போனை வைத்துவிட்டார். சோதனைப் பட்டியலில் அவளுடைய பெயருக்கு நேரே நான் கையெழுத்துப் போடவில்லை. அந்த முடிவில் எனக்கு அன்றும் குழப்பமில்லை, இன்றும் இல்லை. இதே மாதிரி ஒருவர் நாளை உங்கள் முன்னால் நின்றாலும் ரிமோட்டை வாங்கத்தான் வேண்டும்.

யாரிடம் சொல்லட்டும் என்று அவளையே கேட்டேன். "என்ற ஊட்டுக்காரர்கிட்ட மட்டும்" என்றாள். மறுநாள் காலையில் சிவகுமார் பஸ் பிடித்து வந்தார். நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே இருந்ததா, ஏன் மறைத்தார்கள் என்று கேட்டுக் குதிக்கிற கணவர்களைப் பார்த்திருக்கிறேன். வீடியோவைக் காட்டினேன். முழுவதையும் பார்த்தார்.

"வண்டில என்ற பின்னாடி உக்காந்து வாரப்ப திடீர்னு புடிய உட்டுருவாளுங்க. தூங்கறான்னு நெனச்சுட்டு நானு சத்தம் போடுவேன்" என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "புள்ளய மடில வெச்சுட்டு வந்தப்பகூட ஒருக்கா சத்தம் போட்டேன், இல்ல அம்மணி?" என்றார்.

மேகலா தலையசைத்தாள்.

கோயம்புத்தூரிலேயே நரம்பியல் மருத்துவரைப் பார்த்தார்கள். மூளையின் அலைகளைப் பதிவு செய்து பார்த்துவிட்டு இதுவும் ஒரு வகை வலிப்புதான் என்றார் அவர். கை கால் வெட்டாமல், நினைவு மட்டும் தப்பும் வகை. மாத்திரை கொடுத்தார். எதையெல்லாம் தனியாகச் செய்யக்கூடாது என்றும் சொல்லியனுப்பினார். விடுதியில் விட்டுப்போன பெட்டியை எடுக்க இருவரும் திரும்பி வந்தார்கள். சிவகுமார் ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது மேகலா என்னருகே வந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க."

"கேளு."

"டாக்டரு கெணத்துப் பக்கம் போவாதேன்னாருங்க. தனியா அடுப்புல நிக்காதேன்னாரு. வண்டியில ஏறாதேன்னாரு. இத்தன வருஷமா இது அத்தனையும் நானு செஞ்சுட்டுத்தானுங்க இருந்தேன். நின்னுபோறத ஊட்டுல எல்லாரும் பாத்திருக்காங்க. ஒருத்தரும் வேண்டாம்னு சொல்லலீங்க. ஏன்னா அங்கெல்லாம் உளுந்தா நானு மட்டுந்தானுங்க போயிருப்பேன். அடுத்தவங்க மேல உளுகப் போவுதுன்ன ஒடனே ஒரே நாள்ல எல்லாரும் வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்களே?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். முருங்கைக் காட்டில் குனிந்திருக்கும் ஆளைப் பற்றிக் கேட்டாளே, அதே குரலில்.

"நிஜந்தான் அம்மணி. நம்ம விதியெல்லாம் கீழ நிக்கறவங்களுக்காக எழுதினது. அவங்க நம்மளைப் பறக்கச் சொல்லல. நம்ம கையில என்ன இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது."

"அது சரிதானுங்க. அந்தப் பாரைகிட்ட இருந்த அக்காவுக்கு ஒண்ணும் ஆவலேன்னு மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன்" என்றாள். பிறகு, "நாங்க போயிட்டு வாரோங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்த ஆட்டோ போனதை இத்தனை நாள் கழித்தும் என்னால் மறக்க முடியவில்லை.

சில நாள் கழித்துக் குழுவின் தலைவி போனில் கூப்பிட்டு, மேகலாவை ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேட்டார். என்ன சொல்வது? பொய் சொல்ல முடியாது, உண்மையைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. "உடல்நலக் காரணம்" என்றேன். வேறு ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொண்டார்கள். குழுக் கூட்டத்தில் அவளுக்குத் தனி டம்ளரில் டீ வந்ததாகவும், பெண்ணின் காது குத்துக்குச் சிலர் வரவில்லை என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன். அந்தத் தலைவியிடம் வேறு எதைச் சொல்லியிருக்கலாம் என்று நான் யோசிக்காத நாளில்லை. இன்னும் எனக்கு விடை கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் நல்லது.

குழு வேறொரு பெண்ணை அனுப்பியது. பெயர் சுகந்தி. நன்றாகவே கற்றுக்கொண்டு தேறினாள். ட்ரோனும் போய்ச் சேர்ந்தது.

போன மாதம் வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். சாப்பிட்டு முடித்ததும் கால் தானாகவே மேகலாவின் ஊருக்குப் போயிற்று. வீடு பூட்டியிருந்தது. காட்டில் தெளிப்பு நடக்கிறது, எல்லாரும் அங்கேதான் என்றார்கள். போய்ப் பார்த்தேன்.

ட்ரோனை ஓட்டியது சுகந்திதான். பக்கத்தில் மேகலா. காற்று எந்தப் பக்கம், எந்த வரிசையில் ஆரம்பிப்பது, பக்கத்துக் காட்டில் ஆள் இருக்கிறதா என்று அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். தெளிப்பு தொடங்கும் முன்னால் காட்டைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு வந்ததும் அவள்தானாம். "மேகலாக்கா இல்லாம நான் மேல ஏத்தவே மாட்டேனுங்க மேடம்" என்றாள் சுகந்தி. தனி டம்ளர்க் கதையெல்லாம் அடங்கிவிட்டதாம். எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்படியே இருந்துவிட்டால் போதும் என்றுகூடத் தோன்றியது.

பிறகுதான் அவள் கையைக் கவனித்தேன். ட்ரோன் மேலே இருந்த நேரமெல்லாம் மேகலா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோர்த்துக்கொண்டு நின்றாள். வரிசையின் முனையில் ட்ரோன் திரும்பும்போதெல்லாம் பின்னாலிருந்த கட்டைவிரல் லேசாக அசைந்தது. சுகந்தி கொஞ்சம் தாமதமாகத் திருப்பினாள். மேகலாவின் விரல் சரியான நேரத்தில் திரும்பியது.

தெளிப்பு முடிந்தபின் வரப்பில் உட்கார்ந்து பேசினோம்.

"இப்பெல்லாம் நின்னுபோறதே இல்லீங்க மேடம். மாத்திரைய ஒருநாள்கூட உட்டதில்ல. டாக்டரு ரொம்பத் திருப்தியாச் சொன்னாருங்க." தரையைப் பார்த்தபடி கேட்டாள். "இப்ப மறுக்கா வந்தாச் சேத்துக்குவீங்களா?"

எனக்குத் தெரியாது என்றேன். மருத்துவர் என்ன எழுதித் தருவார், அதை ஏற்றுக்கொள்ள விதியில் எவ்வளவு இடம் இருக்கிறது, எத்தனை காலம் வராமல் இருந்தால் போதும் என்று நினைக்கலாம், இதில் எதையும் நான் ஒருத்தி தீர்மானிக்க முடியாது என்றேன். நான் வேலையை விட்டுவிடப் போகிறேன் என்பதையும் சொன்னேன்.

"அப்ப அங்க எனக்கு ஆரைத் தெரியுமுங்க?" என்றாள்.

அதற்குத்தான் இதை எழுதினேன். அடுத்த வகுப்புக்கு அவள் விண்ணப்பம் போடுவாள், வந்தும் நிற்பாள். பழைய பதிவைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாசலிலேயே முடியாது என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். உட்காரவைத்துப் பேசுங்கள். அவளுடைய மருத்துவரோடு பேசுங்கள். அனுமதி தருகிறவர்களிடம் எழுதிக் கேளுங்கள். எனக்காக எதையும் வளைக்க வேண்டாம். தேங்காய்க் களத்தில் அந்தப் பெண் சாய்ந்ததைப் பார்த்தவள் நான், வளைக்கச் சொல்ல மாட்டேன். முடிவு அவளுக்குச் சாதகமாக வராமலும் போகலாம்.

அப்படிப் போனால் அதை அவளிடம் போனில் சொல்லாதீர்கள். நீங்களே வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறி, அவள் வீட்டில் உட்கார்ந்து, அவள் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு, ஏன் என்று அவளுக்குப் புரியும்வரை சொல்லிவிட்டு வாருங்கள். அவள் நிறையக் கேள்வி கேட்பாள். கடைசி பஸ்ஸுக்குள் முடியாது. தங்குகிற மாதிரிப் போங்கள்.